ஒன்பதாவது காரின் அடித்தகடு

ராயபுரம் பனைமரத்தொட்டியில் இறங்கி, "கார்க்கார ஹென்றி வூடு எது?" என்று கேட்டால், அந்தக் காலத்தில் மூக்கொழுகும் பொடிசுகூட வழி காட்டிவிடும். கேட்டவர் ஏதோ பங்களா இருக்கும், வாசலில் போர்ட்டிகோ இருக்கும் என்று நினைத்து வந்து, ஓடு போட்ட ஒண்டுக்குடித்தன வீட்டின் முன்னால் நின்று முழிப்பார். ஹென்றிக்குக் கார் கிடையாது. சைக்கிள்கூடக் கிடையாது. காலையில் துறைமுகத்துக்கு நடந்து போய், சாயங்காலம் நடந்தே திரும்புகிறவன். அவனிடம் இருந்ததெல்லாம் உள்ளங்கைக்குள் அடங்குகிற கார்கள். அதுவும் கண்ட கண்ட பொம்மை இல்லை. அமெரிக்காவில் ஓடும் முரட்டு வண்டிகளை, மஸ்டாங், கமேரோ, பாரகுடா என்று வாயில் நுழையாத பெயர் கொண்டவற்றை, உலோகத்தில் வார்த்து அச்சு அசலாகச் சிறுத்துச் செய்தவை. பானட்டைத் தூக்கினால் உள்ளே எஞ்சின் இருக்கும். கதவு திறக்கும், ஸீட் சாயும், மேலே விரலால் அழுத்தினால் ஸ்பிரிங் அமுங்கி எழும்பும். வீட்டுக்கு வந்தவர்களை உட்காரச் சொல்வதற்கு முன்னால் அவன் பானட்டைத் திறந்து காட்டுவான்.

ஹென்றிக்குத் துறைமுகத்தில் பெயின்ட் கேங்கில் வேலை. கேங்கிலும் அவனுக்கென்று ஒதுக்கிய இடம் அடிவயிறு. இழுவைப் படகையோ சரக்கு ஏற்றும் பார்ஜையோ கரையேற்றி நிறுத்தினால், மேல்தளத்துக்கும் பக்கச் சுவருக்கும் வேறு ஆட்கள் போவார்கள். ஹென்றி மல்லாந்து படுத்து அடியில் நுழைவான். சுத்தியலால் துருவைக் கொத்தி, கம்பி பிரஷ் போட்டு, வெள்ளை இரும்பு தெரிகிற வரைக்கும் சுரண்டுவான். அதன் மேல் சிவப்பு ஈயப் பூச்சு ஒன்று, அது காய்ந்ததும் கறுப்பு இரண்டு. மேஸ்திரி மண்ணாங்கட்டி யாரையும் பாராட்டிப் பழக்கமில்லாத மனுஷன். அவரே, "அடி வேலைக்கு ஹென்றிய வுட்டா ஆள் கெடையாது. சொரண்டுனான்னா ஒரு புள்ளி வெக்க மாட்டான்" என்பார்.

கார்ப் பைத்தியம் பிடித்தது அறுபத்தைந்தில். கோதுமை கொண்டுவந்த ஒரு அமெரிக்கக் கப்பலில், மாலுமிகள் சாப்பிடும் அறைக்குப் பெயின்ட் அடிக்க ஆள் குறைந்தது என்று ஹென்றியை அனுப்பினார்கள். சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. காலண்டரில் வழக்கமாக இருக்கும் அரைகுறைப் பெண்மணி இல்லை, ஒரு சிவப்பு மஸ்டாங் இருந்தது. அம்பாசடரையும் ஃபியட்டையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வண்டியாகவே தெரியவில்லை. பாய்வதற்குப் பம்மி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. அந்தப் பெயின்ட்டின் மினுமினுப்பை எப்படிக் கொண்டுவந்தான் அந்தப் பாவி என்று ஹென்றி அரைநாள் அதன் முன்னால் நின்றான். சுவர் பாதியில் நின்றது. மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

இதை அவன் சொல்லிச் சொல்லி மாய்ந்தது பஷீரிடம். பஷீர் தண்டையார்பேட்டை ஆள். கப்பல் எஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிறவன். ஆறு மாதம் கடலில் இருப்பான், இரண்டு மாதம் கரையில். கரையில் சும்மா இருக்கப் பிடிக்காமல் பார்ஜ் வேலைக்கு வந்தபோது ஹென்றிக்குப் பழக்கம். ஒருத்தன் கோயில் மணிக்குச் சிலுவை போடுகிறவன், ஒருத்தன் பாங்கு கேட்டால் எழுந்து போகிறவன். இரண்டு பேரும் மத்தியானம் ஒரே தூக்கில் கைவிட்டுச் சாப்பிட்டார்கள். அடுத்த பயணம் முடிந்து வந்த பஷீர், எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒன்றை ஹென்றியின் கையில் வைத்தான்.

"இந்தா நைனா, ஒன் அமெரிக்கா காரு. பெட்ரோல் செலவு கெடையாது."

சிவப்பு மஸ்டாங். ஹென்றிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "தோஸ்து, இன்னாடா இது" என்று பஷீரைக் கட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு ஒரு பயணத்துக்கு ஒரு கார் வருவது வழக்கமாகிவிட்டது. சில வருஷம் இரண்டு.

வாங்கி வந்தால் மட்டும் போதாது, துறைமுகக் கேட்டைத் தாண்ட வேண்டும். தங்கத்தைப் பொம்மை மாதிரியும் பூட்டு மாதிரியும் வார்த்து, மேலே பெயின்ட் அடித்துக் கொண்டுவருகிறார்கள் என்று அந்த நாளில் ஒரு பேச்சு. அதனால் கேட்டில் நிற்கும் ஆபீசர் காரை வாங்கித் திருப்பி, அடித்தகட்டில் பேனாக்கத்தியால் குறுக்கே இழுத்துப் பார்ப்பார். மஞ்சள் தெரிகிறதா என்று சோதனை. தெரியாது. "போ" என்பார். கார் பிழைத்தது, ஆனால் அடியில் கீறல் விழுந்துவிடும். வேறு யாராவது என்றால், அடிதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டிருப்பார்கள். ஹென்றியின் பிழைப்பே அடிதான். வீட்டுக்குக் கொண்டு வந்ததும் முதல் காரியமாக உப்புத்தாள் போட்டுக் கீறலைத் தேய்ப்பான். சிவப்பு ஈயம், அப்புறம் கறுப்பு. எட்டுக் கார் வந்தது. எட்டின் அடிவயிறும் கண்ணாடி மாதிரி இருக்கும்.

சரக்குக்கு அடியில் போடும் கப்பல் பலகையில் ஒரு அலமாரி செய்து, திருஇருதயப் படத்துக்குக் கீழே மாட்டி, கார்களை வரிசையாக நிறுத்தினான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைப்பான்.

"ஆண்டவருக்கு மெழுகுவத்தி ஏத்தச் சொன்னா நேரமில்ல. காருக்கு மட்டும் எண்ணெ போடுற" என்பாள் அவன் மனைவி ஹில்டா.

"ஆண்டவரு துருப்புடிக்க மாட்டாரு. இது புடிக்கும்."

ஹில்டா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போவாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பேச்சு அந்த வீட்டில் எழாது.

பஷீருக்கும் ஆறு வருஷமாகப் பிள்ளை இல்லாமல்தான் இருந்தது. அவன் மனைவி மரியம் வாய்த்துடுக்கானவள். "எனக்கு ஒரு சோப்பு, ஒரு வாயில் பொடவ. அவருக்கு மட்டும் காரா? யாரு அண்ணே ஒங்க ரெண்டு பேர்ல பொண்டாட்டி?" என்று ஹென்றியைக் கேட்டுச் சிரிப்பாள். எழுபத்தொன்று தொடக்கத்தில் அவள் உண்டானாள். பஷீருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் கப்பல் காத்திருக்காதே. நாலாம் மாதம் அவன் கிளம்ப வேண்டியதாயிற்று. கிளம்பும்போது மரியத்திடம் ஒன்றைத் திட்டமாகச் சொல்லிவிட்டுப் போனான். புள்ளைக்குப் பேரு நான்தான் வெப்பேன், வேற யாரும் வெக்கக் கூடாது. பேர் வைக்கிற ஏழாம் நாளுக்குள் பேர் வந்து சேரும், எங்கே இருந்தாலும் அனுப்புவேன் என்றான். இது ஹென்றிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆகஸ்ட் மாதம் ஒரு மத்தியானம், கேட்டுக்கு எதிரே டீக்கடையில் ஒரு ஆள் ஹென்றியைத் தேடி வந்தான். வங்காளத்துக் கப்பல்காரன், தமிழ் தெரியாது. சிங்கப்பூரில் இரண்டு கப்பலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது பஷீர் அவனிடம் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறான். "பஷீர் பாய் தியா" என்று ஹென்றியின் கையில் வைத்தான். பிறகு விரலைத் தூக்கி இரண்டு தடவை சொன்னான். "பீவிகோ திகானா. பீவிகோ."

துறைமுகத்தில் புழங்கும் ஹிந்துஸ்தானி ஹென்றிக்குப் போதுமான அளவு தெரியும். பஷீர் கொடுத்தது, அவன் பெண்டாட்டியிடம் காட்டச் சொன்னான். அவ்வளவுதானே. சரி சரி என்று தலையாட்டி, அந்த ஆளுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து அனுப்பினான்.

வீட்டுக்கு வந்து பிரித்தால், ஒரு பச்சைக் கார். சார்ஜர் என்று பெயர். அதுவரை வந்ததிலேயே அழகான வண்டி. முன்பக்கம் விளக்கே தெரியாது, உள்ளே ஒளித்துவைத்த மாதிரி ஒரே கறுப்புச் சட்டம். ஆனால் வழியில் எங்கேயோ அடிபட்டிருந்தது. கூரை நசுங்கி, உப்புத்தண்ணீர் பட்டு, அடித்தகட்டில் துரு பொரிந்திருந்தது. அடியில் கீறலும் வழக்கத்தைவிட அதிகம். குறுக்கே ஒரு நீளக் கோடு. அது போதாதென்று மேலேயும் கீழேயும் சின்னச் சின்னதாய் வளைத்து வளைத்து.

"இந்தத் தபா ஆபீசரு ரொம்பத்தான் கீறிகீறான்" என்றாள் ஹில்டா.

"பச்சக் காருல அவனுக்கு தங்கம் தெரிஞ்சிகீது போல. கலீஜ் பண்ணி வெச்சிகீறான்" என்று ஹென்றி பல்லைக் கடித்தான்.

பெண்டாட்டியிடம் காட்டு என்று தோஸ்து சொல்லி அனுப்பியிருக்கிறான். மாசமா இருக்கிற பெண், சக்களத்தி என்று கேலி பண்ணுகிற பெண், அவளிடம் போய் நசுங்கியதையும் துருப்பிடித்ததையும் காட்டுவதா? ஹென்றி உட்கார்ந்துவிட்டான். கூரையை உள்ளிருந்து மரக்குச்சியால் தட்டித் தட்டி நிமிர்த்தினான். பச்சை சரியாக வரவில்லை. கப்பல் பெயின்ட் மிச்சங்களைக் கலந்து கலந்து பார்த்தான். அதற்கே மூன்று வாரம் போயிற்று. அடித்தகட்டை மட்டும் முதல் நாளே முடித்துவிட்டான். அது அவன் கை தூக்கத்திலும் செய்கிற வேலை. துருவைக் கொத்தி, உப்புத்தாள் போட்டு, வெள்ளைத் தகடு தெரிய ஒரு கீறல் விடாமல் தேய்த்து, ஒரு சிவப்பு, இரண்டு கறுப்பு.

செப்டம்பர் கடைசியில் தந்தி வந்தது. கப்பலில் காய்ச்சல் கண்டு, மூன்றாம் நாள் பஷீர் மௌத்தாகிவிட்டான். கடலிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். மண் போடக்கூட இடமில்லை.

ஹென்றி இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. காசிமேட்டுக் கடற்கரையில் உட்கார்ந்து, எந்தப் பக்கம் பார்த்து அழுவது என்று தெரியாமல் தண்ணீரைப் பார்த்து அழுதான். மரியத்தைப் பார்க்கப் போக வழியில்லை. அவள் புருஷனுக்காகத் துக்கம் காக்கும் இத்தாவில் இருந்தாள், பிள்ளை பிறக்கும்வரை வெளி ஆண்களைப் பார்க்க மாட்டாள். ஹில்டா மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். போகும்போது கேட்டாள், "அந்தக் காரக் குடுய்யா. நானே அவகிட்ட காட்டிட்டு வரேன்."

"மேல இன்னும் ஒரு கோட்டு பாக்கி கீது" என்றான் ஹென்றி. "அவன் கடசியா குடுத்தது. அரைகுறையா போவக் கூடாது."

அன்றைக்கே கொடுத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அடித்தகட்டு வேலை அதற்குள் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. இது தெரிந்தும் ஹென்றி அந்த வார்த்தையை நினைத்து நினைத்து, பிற்பாடு தன் வாயிலேயே அடித்துக்கொள்வான்.

நவம்பரில் மரியத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. நாலாம் நாள், கப்பல் கம்பெனியின் ஏஜெண்டு பஷீரின் பெட்டியை அனுப்பிவைத்தார். மறுநாள் மரியத்தின் தகப்பனார் லியாகத் அலி, துறைமுகக் கேட்டுக்கே வந்து ஹென்றியைப் பிடித்தார். வண்ணாரப்பேட்டையில் பழைய சாக்கு வியாபாரம் செய்கிறவர். அதிகம் பேசாத மனுஷர்.

"பஷீரு ஒங்கிட்ட ஏதோ குடுத்து வுட்டானாமே?"

"ஆமா பாய். காரு. ஜம்முனு ரெடியா கீது."

பெரியவர் கண்ணை மூடித் திறந்தார். "அல்ஹம்துலில்லாஹ். பேரு வெக்கிற ஏழாம் நாளு எடுத்துகினு வா. மரியம் காத்துகினு கீறா."

ஹென்றிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தோஸ்து கடைசியாகக் கொடுத்தனுப்பியதை அவன் பெண்டாட்டி எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஏழாம் நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, காரைப் புதுக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு, ஹில்டாவோடு தண்டையார்பேட்டைக்குப் போனான்.

வீடு நிறைய ஜனம். குழந்தைக்கு முடி இறக்கியாகிவிட்டது. பேர் ஓதப் பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து உட்கார்ந்திருந்தார். நடு அறை வாசலில் திரை. பிள்ளை பெற்ற உடம்பு, மரியம் திரைக்குப் பின்னால் குழந்தையோடு இருந்தாள். ஹென்றி வந்ததும் எல்லோரும் வழி விட்டார்கள். அவனுக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தான். ஒரு கை வெளியே நீண்டது. மருதாணி இல்லாத, வளையல் இல்லாத கை. அதில் காரை வைத்தான்.

கை உள்ளே போயிற்று. திரைக்குப் பின்னாலிருந்து மரியம் கேட்டாள்.

"அண்ணே, இது அவரு குடுத்ததுதானா?"

"ஆமாம்மா. மேல நசுங்கி இருந்திச்சு, சரி பண்ணிட்டேன். அடியிலயும் ஒயுங்கா மூணு கோட்டு குடுத்துகீறேன். இனிமே பத்து வருசத்துக்கு துரு ஏறாது."

கை மறுபடி வெளியே வந்தது. கார் மல்லாந்து இருந்தது, கறுப்பு அடிவயிறு பளபளத்தது.

"இதுல எழுத்து இருந்திச்சே அண்ணே" என்றாள் மரியம்.

ஹென்றிக்குப் புரியவில்லை. லியாகத் அலி சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். பஷீரின் பெட்டிக்குள் இருந்தது, தபாலில் போடாமலே கிடந்த கடிதம். யாரோ கூட்டாளியைக் கொண்டு தமிழில் எழுதவைத்தது. பெரியவர் படித்தார். "பேரை ஹென்றி கையில் அனுப்பியிருக்கிறேன். காரின் அடியில் என் கையாலேயே ஆணியால் கீறியிருக்கிறேன். மேலே இருப்பது ஆண் பிள்ளைக்கு, கீழே இருப்பது பெண் பிள்ளைக்கு. இந்தக் கடிதம் எழுதுகிறவரிடம்கூட நான் அந்தப் பேரைச் சொல்லவில்லை. அது முதலில் என் பிள்ளையின் காதில்தான் விழ வேண்டும். அரபு எழுத்துத்தான், நீ படித்துக்கொள்வாய்."

பஷீர் பள்ளிக்கூடம் போனவனில்லை. சின்ன வயதில் மதரஸாவில் கற்ற அரபு எழுத்து மட்டும்தான் அவனுக்குத் தெரியும். மரியத்துக்கும் அதுதான் தெரியும்.

ஹென்றி எழுந்து நின்றான். பிறகு உட்கார்ந்தான். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், குடிக்கவில்லை. "கத்தி குடுங்க" என்றான். "மண்ணெண்ணெ குடுங்க." முற்றத்துக்கு வந்து, அத்தனை பேர் முன்னால், வெள்ளைச் சட்டையோடு குந்தி உட்கார்ந்து அடித்தகட்டைச் சுரண்டினான். கறுப்பு போயிற்று. சிவப்பு போயிற்று. கீழே வெறும் வெள்ளைத் தகடு. வெயிலில் சாய்த்துப் பார்த்தான், மூக்கருகே வைத்துப் பார்த்தான், நகத்தால் தடவினான். ஏதாவது இருக்கும், அடியில் ஒரு தடமாவது இருக்கும் என்று கத்தியால் இன்னும் சுரண்டினான். எங்கிருந்து இருக்கும்? தேய்த்தது ஹென்றி ஆயிற்றே. ஒரு புள்ளிகூட விட்டுவைக்கவில்லை. கத்தி வழுக்கி வழுக்கித் தகட்டில் தாறுமாறாகக் கோடு விழுந்ததுதான் மிச்சம். ஹில்டா வந்து கையைப் பிடித்து நிறுத்தும்போது அவன் விரலில் ரத்தம் வந்துகொண்டிருந்தது.

மரியம் அழவில்லை. ஒரு சிலேட்டைக் கேட்டு வாங்கினாள். திரைக்குக் கீழே அது வெளியே நகர்ந்து வந்தது. அதில் ஒரு பேர் எழுதியிருந்தது.

"நீங்க பாத்துகீறீங்க இல்லண்ணே, அழிக்கறதுக்கு முன்னால. இந்த மாரி இருந்திச்சா?"

ஹென்றி பார்த்தான். வளைவு இருந்தது, மேலே புள்ளி இருந்தது. அவன் பார்த்ததிலும் வளைவு இருந்தது. புள்ளி இருந்ததா? அதை அவன் எழுத்தாகவே பார்க்கவில்லையே, அழுக்காகப் பார்த்தான். சிலேட்டு உள்ளே போயிற்று, அழித்து வேறு பேரோடு வந்தது. "இந்த மாரியா?" மூன்றாவது வந்தது. நாலாவது வந்தது. ஒவ்வொன்றும் அதுவாக இருக்கலாம் போல இருந்தது.

லியாகத் அலி குனிந்து அவன் காதில் சொன்னார். "ஹென்றி, ஏதாவது ஒண்ணுக்கு ஆமான்னு சொல்லிடுப்பா. ஒன் கால்ல வேணா வுழறேன். அவ மனசு ஆறிடும்."

ஹென்றிக்கும் சொல்லத்தான் ஆசை. வாயைத் திறந்தான். ஆமாம் என்றால் முடிந்தது. ஆனால் பஷீர் வைத்த பேரை அழித்தவன் அவன். அழித்த இடத்தில் இன்னொரு பேரை வைத்து, இது பஷீர் வைத்தது என்றால், துருவின் மேலேயே பெயின்ட் அடித்த மாதிரி ஆகிவிடும். அந்த வேலையை அவன் வாழ்நாளில் செய்ததில்லை.

"தெரியலம்மா" என்றான். "எனக்கு ஞாபகம் இல்லம்மா. என்ன மன்னிச்சுடு தாயி."

அன்றைக்கு அவன் பொய் சொல்லியிருக்கலாம் என்று சொல்கிறவர்கள் தண்டையார்பேட்டையில் ரொம்ப நாள் இருந்தார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, சொல்வார்கள். திரைக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தால் அல்லவா தெரியும்.

சாயங்காலத்து அஸர் தொழுகை வரைக்கும் ஹஜ்ரத் பொறுத்துப் பார்த்தார். பிறகு லியாகத் அலி தன் தாயாரின் பேரையே சொன்னார். ரஹீமுன்னிசா. குழந்தையின் காதில் அதுதான் விழுந்தது. மரியம் காரைத் திருப்பி நீட்டினாள். "இத்த நீங்களே வெச்சுக்கோங்கண்ணே. என்னால பாக்க முடியாது."

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் திறப்பது நின்றுபோயிற்று. வேலைக்குப் போனான், வந்தான். அந்தப் பேரை அவனாவது பார்த்திருப்பானோ என்ற ஆசையில், வங்காளத்துக்காரன் வந்த கப்பல் மறுபடி வருகிறதா என்று ஒரு வருஷம் விசாரித்தான், வரவில்லை. கேங்கில் அடி வேலை வேண்டாம் என்று மேஸ்திரியிடம் கேட்டு, மேல்தளத்துக்கு மாறிக்கொண்டான். மண்ணாங்கட்டி ஏன் என்று கேட்கவில்லை. அவருக்கும் விஷயம் தெரியும்.

குழந்தைக்கு இரண்டு வயதானபோது, ரம்ஜானுக்குச் சிவப்பு மஸ்டாங்கைக் கொண்டுபோய்க் கொடுத்தான். பக்ரீதுக்குக் கமேரோ. வருஷத்துக்கு இரண்டு என்று, நாலு வருஷத்தில் எட்டுக் காரும் தண்டையார்பேட்டைக்குப் போய்விட்டன. முதல் காரைக் கொடுத்தபோது மரியம் அதை வாங்கி, குழந்தையிடம் கொடுப்பதற்கு முன்னால் திருப்பி அடியைப் பார்த்தாள். இருக்காது என்று தெரியும், இருந்தும் பார்த்தாள். குழந்தை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அதற்கப்புறம் எந்தக் கார் கொடுத்தாலும் அதுவும் முதலில் திருப்பித்தான் பார்க்கும். பானட்டைத் திறக்காது, சக்கரத்தை உருட்டாது. மழலையில், "இதுலயும் இல்ல மாமு" என்று ஹென்றியிடம் சொல்லிவிட்டு, பிறகுதான் விளையாடப் போகும்.

இன்னொன்றும் ஹென்றியின் கண்ணில் பட்டது. பள்ளிக்கூடத்தில் அவள் ரஹீமுன்னிசா. தாத்தாவுக்கு ரஹீமு. மரியம் மட்டும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பாப்பா என்பாள். கோபம் வந்தால் ஏ பொண்ணு என்பாள். ஆறு வயதாகியும் பாப்பாதான். வேறு யாராவது பேர் சொல்லும்போது அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். இதைப் பார்த்துவிட்டு வருகிற நாளில் ஹென்றிக்குச் சோறு இறங்காது.

எழுபத்தேழு பக்ரீதுக்கு முந்தின வாரம் ரஹீமு கேட்டாள். "மாமு, ஒங்க வூட்டுல பச்ச காரு ஒண்ணு கீதாமே? ஹில்டா மாமி சொன்னாங்க. அத்த எனக்குக் குடேன்."

ஹென்றி அவள் தலையைத் தடவிவிட்டு வந்துவிட்டான். வீட்டில் ஹில்டா சொன்னாள், "குடுத்துடுய்யா. வெச்சுகினு தெனம் அத்தப் பாத்து அழுவறதுக்கு, அந்தப் புள்ள வெளையாடட்டும்." அலமாரியில் அது ஒன்றுதான் இருந்தது. அதன் அடித்தகட்டுக்கு மட்டும் அவன் மறுபடி பெயின்ட் அடிக்கவில்லை. ஆறு வருஷமாகத் தேங்காயெண்ணெய் தடவித் தடவித் துரு ஏறாமல் வைத்திருந்தான். கத்தி கீறிய கோடுகள் அப்படியே இருந்தன.

பக்ரீத் அன்று போனபோது மரியம் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். இப்போது திரை கிடையாது. காரைப் பார்த்ததும் அவள் கால் மிதிப்பதை நிறுத்தியது. ரஹீமு ஓடி வந்து வாங்கினாள், வழக்கம் போலத் திருப்பினாள். அப்படியே நின்றுவிட்டாள். அந்த வருஷம்தான் அவளை அரபு ஓதப் போட்டிருந்தார்கள். விரலை வலது ஓரத்தில் வைத்து இடது பக்கமாக ஓட்டினாள்.

"அம்மா! இதுல எழுதிகீது! அத்தா எழுதிகீறாரு! இங்க பாரும்மா!"

அது பஷீர் எழுதியது இல்லை. அது ஹென்றியின் கத்தி வழுக்கி வழுக்கிக் கீறியது. "இல்ல கண்ணு, அது..." என்று ஹென்றி வாயைத் திறந்தான்.

மரியம் அவனைப் பார்த்தாள். வேண்டாம் என்பது போல லேசாகத் தலையை அசைத்தாள். எழுந்து வந்து காரை வாங்கினாள். அவளுக்கு எழுத்துத் தெரியும். அதில் ஒரு எழுத்துகூட இல்லை என்று ஒரு பார்வையிலேயே தெரிந்திருக்கும்.

"எனக்குப் படிக்க வரலம்மா. இன்னா எழுதிகீது? எம் பேரா?" என்றாள் ரஹீமு.

"ஆமா."

"படிச்சுக் காட்டும்மா."

மரியம் மகளை மடியில் இழுத்து உட்காரவைத்தாள். அவள் விரலைப் பிடித்து வலது ஓரத்தில் வைத்து, அந்தக் கோடுகளின் மேல் மெதுவாக நகர்த்தினாள்.

"ரஹீமுன்னிசா" என்றாள்.

"இன்னொரு தபா."

"ரஹீமுன்னிசா."

ஹென்றி அங்கே நிற்கவில்லை. போய்ட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் வெளியே வந்து, தண்டையார்பேட்டையிலிருந்து பனைமரத்தொட்டி வரைக்கும் நடந்தே வந்தான். ஹில்டா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

"மரியம் இன்னா சொன்னா?"

காலியாகிப் போன அலமாரிக்குக் கீழே போய் அவன் உட்கார்ந்தான். "பேரு சொல்லிக் கூப்ட்டா ஹில்டா" என்றான். "அன்னிக்கி நான் சொல்ல வேண்டிய பொய்ய, இன்னிக்கி அவ சொன்னா." ஹில்டா முறத்தை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.